ஒரு தங்கையின் சாவும் அடையாறு மருத்துவமனையும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அது உருவாகக் காரணம் குடல் புற்றுநோய்க்குப் பலியான ஓர் இளம்பெண் என்பது பலருக்குத் தெரியாது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற வழியில்லை. மலக்குடலை அகற்றும் அறுவை சிகிச்சையை லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908லேயே விளக்கி எழுதிவிட்டார். தென்னிந்தியாவிலோ புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனைகூட இல்லை.

அந்தக் குறையைப் போக்காமல் முத்துலட்சுமி ஓயவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதிக்காகப் பணம் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

மருத்துவமனை வந்துவிட்டது. நோயாளி நேரத்தோடு வருகிறாரா என்பதுதான் இன்றைய கவலை. மலத்தில் ரத்தம் வருவது குடல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் அதைக் கண்டால் நம்மூரில் முதலில் சொல்வது "உடம்புச் சூடு", அடுத்து "மூலம்". கருணைக்கிழங்கு மசியலும் மோருமாக மாதங்கள் ஓடிவிடும். வெளியே சொல்லக் கூச்சம் வேறு.

இத்தனைக்கும் குடல் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய். குடலின் உட்சுவரில் மரு போல ஒரு சிறு சதை முளைக்கும். அது புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) கண்டுபிடித்தால், அதே குழாய் வழியாகக் கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மலக்குடலின் அடியில் உள்ள கட்டியென்றால், கையுறை போட்ட விரலாலேயே டாக்டர் தடவிக் கண்டுபிடிப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குக் கூச்சப்பட்டு உயிரை விடுவது கொடுமை.

மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்றில்லை. ரத்தம் போவது, மலம் கழித்தும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, வழக்கம் மாறி வாரக்கணக்கில் பேதியோ மலச்சிக்கலோ, காரணமில்லாத ரத்தசோகை, எடை குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் எந்த வயதில் பரிசோதனை தொடங்குவது என்று இப்போதே கேளுங்கள்.