786: எண்ணுக்குள் இறைவன் பெயர்

மும்பையில் லாரி முகப்பிலும், கடைப் பலகையிலும், முஸ்லிம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் 786 என்ற எண்ணைக் காணலாம்.

அது என்ன எண்?

"பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்ற வாசகத்தின் கூட்டுத்தொகை அது. அருளும் அன்பும் நிறைந்த இறைவனின் பெயரால் தொடங்குவதாகப் பொருள்.

அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. இதற்கு "அப்ஜத்" கணக்கு என்று பெயர். பிஸ்மி 102. அல்லாஹ் 66. அர்ரஹ்மான் 329. அர்ரஹீம் 289. கூட்டினால் 786!

கடிதம் கிழியும். குப்பைக்குப் போகும். காலில் மிதிபடும். இறைவன் பெயருக்கு அந்தக் கதி நேரக்கூடாது என்று அஞ்சியவர்கள் எண்ணை எழுதினார்கள்.

1975-ல் வந்த "தீவார்" இந்திப் படத்தில், பம்பாய் துறைமுகக் கூலியாக வரும் அமிதாப் பச்சனின் பில்லை எண்ணும் 786தான். பாய்ந்து வந்த குண்டை அந்தப் பில்லை தடுக்கும்!

மார்க்க அறிஞர்களில் ஒரு சாரார் இந்த வழக்கத்தை ஏற்பதில்லை. "குர்ஆனிலோ நபிமொழியிலோ இந்த எண் இல்லை. ரோமப் பேரரசருக்கு அனுப்பிய கடிதத்திலேயே நபிகள் நாயகம் பிஸ்மியை முழுமையாக எழுதச் செய்தார்கள்" என்பது அவர்கள் வாதம்.

எண்ணை எழுதுகிறவர்களிலும் பலர், பேனாவை எடுக்கும்போது பிஸ்மியை வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார்கள். தாளில் எண்; நாவில் பெயர்!