ஐந்தே வகுத்தலில் விழுந்த எண்

2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம். ஒரு கணித மேதையின் வாக்கைப் பொய்யாக்கிய எண் இது.

அந்த மேதை ஃபெர்மா. பிரான்சில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம். கணக்கெல்லாம் ஒழிந்த நேரத்தில்தான். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், விடையோடு 1 சேர்த்துப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்து வருவதுதான் நம் எண். அதுவும் பகா எண், அதற்குப் பின்னால் வருபவையும் அப்படியே என்று 1640-இல் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அந்த வாக்கு நின்றது. 1732-இல் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் ஆய்லர் அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417.

இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி பூஜ்யம்! இதில் எனக்கு ஆறாத வியப்பு ஒன்று உண்டு. இதே மாதிரி சல்லடையால் அதே 1640-இல் 2-இன் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 223 வகுக்கும் என்று கண்டவர் ஃபெர்மாவேதான். ஆயுதம் கையில் இருந்தது. இங்கே மட்டும் சரியாக வீசவில்லை.

பெருக்கிப் பார்க்காமலேயே 641-ஐச் சோதிக்கலாம். 640 என்பது 5 × 128, அதாவது 5 × 2⁷. அது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 640-ஐ நான்கு முறை பெருக்கி 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்தப் பெருக்கல் 625 × 2²⁸. 625-ஓ 641-க்கு 16 குறைவு, அதாவது 2⁴ குறைவு. ஆகவே மீதிக் கணக்கில் 625-க்குப் பதில் −2⁴ போடலாம், கிடைப்பது −2³². அதன் மீதியும் 1 என்றால், 2³² + 1-க்கு மீதி கிடையாது.

ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று இன்றுவரை அகப்படவில்லை. இருக்கிற ஐந்துக்கோ மவுசு குறையவில்லை. 1796-இல் 18 வயது காஸ், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். ஐந்து எண்களுக்குமே அந்தப் பாக்கியம் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினாலும் கெடாது. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. ஒற்றைப்படைப் பக்கங்களோடு அப்படி வரையத்தக்க பலகோணங்களில் இன்று நமக்குத் தெரிந்த ஆகப்பெரியது இதுவே. இரண்டே பக்கம் கூட்டி 4294967297 ஆக்கினால் நடக்காது. 641 குறுக்கே நிற்கிறது.