முதலில் உட்காருங்கள்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி, பட்டுச்சேலைப் பிரிவு. என் சித்தி மகள் காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கியவள், மாலை ஆறு மணிக்கும் நின்றுகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டில் பாதி டப்பாவிலேயே இருந்தது. கழிப்பறைக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும் என்பதால் தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. ஒரு குடும்பத்துக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. மூச்சு இழுத்தாலும் போதவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. “அக்கா, செத்துப்போயிடுவேன் போல இருக்கு” என்று பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்தபடியே சேலைக் குவியல்மேல் சரிந்தாள்.

ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் கேஸ் என்றார். “சீசன் நேரத்துல லீவுக்கு நடிக்கிறா” என்றார் சூப்பர்வைசர். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்திருந்தாள். மறுபடியும் எல்லார் முன்னாலும் அப்படி விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம்.

இந்தக் கட்டுரை அந்தக் கடிதத்தைப் பற்றியது. அப்படிக் கடிதம் எழுதியவர்கள் பலர். எழுதும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

அவளுக்கு வந்தது பேனிக் அட்டாக். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார்படுத்தும் அட்ரினலின், ஆபத்தே இல்லாத நேரத்தில் ரத்தத்தில் பாய்கிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, கை வியர்க்கிறது, வயிறு புரட்டுகிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. தலைசுற்றலும் விரல் மரத்தலும் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் உண்மையில் நாம் தேவைக்கு அதிகமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக வடியும். உயிர் போகாது. ஆனால் அனுபவிப்பவருக்கு அது நடிப்பும் இல்லை, “ஒண்ணுமில்லை”யும் இல்லை.

அதற்காக முதல்முறை வரும்போதே “இது பேனிக்தான்” என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவதுபோன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, படியேறினால் கூடுவது என்றிருந்தால் 108-ஐ அழையுங்கள். மாரடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் நாளே யாராவது பார்த்திருக்கலாம்.

படபடப்பு வரும்போது முதலில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள். வேண்டாம், உண்மையில் இதயமோ நுரையீரலோ கோளாறாக இருந்தால் அது ஆபத்து. பக்கத்தில் இருப்பவர்கள் சுற்றிக் கூட்டம் போடாமல், ஒரே ஒருவர் அருகில் அமர்ந்து, “நான் இருக்கேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்று சொன்னால் போதும்.

தலைவலி இதன் உடன்பிறப்பு. நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு பக்கமும் அழுத்தும், பிடரியும் தோளும் கல்லாகிவிடும். மைக்ரேன்போல் குமட்டிக்கொண்டு வராது. சாப்பாடு தள்ளிப்போவது, தண்ணீர் குறைவு, தூக்கமின்மை, பளீரென்ற விளக்கு, ஒரே நிலையில் குனிந்து நிற்பது எல்லாம் சேர்ந்து கிளப்பிவிடும். என்றைக்காவது ஒரு பாராசிட்டமால் தப்பில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றுக்கு மன அழுத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் “படபடப்புக்கு ஒண்ணு குடுங்க” என்று அல்பிரசோலம் வாங்கிப் போடாதீர்கள். உடனே அடங்கும், நாள்பட்டால் அது இல்லாமல் முடியாது என்ற நிலை வரும். மனநல மருத்துவர்கள் முதலில் தரும் மருந்துகள் பெரும்பாலும் வேறு வகை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் இப்படி அடிமையாக்காது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையும் பேனிக் அட்டாக்குக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எந்த இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அந்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பிப் போவதற்கு அதில் பழக்குகிறார்கள். வேலையை விட்டு ஓடினால் பயம் வீட்டுக்கும் கூடவே வரும் என்று நான் சொல்வது அதனால்தான்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. அதற்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைவரை போக வேண்டியதில்லை, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அதே 2017 சட்டம், உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதமின்றி முதலாளியிடம் சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை என்கிறது. சிகிச்சைக்குப் போனதை வைத்தே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லவும் முடியாது. “நாளைக்குக் கல்யாணம் பேசும்போது?” என்று கேட்ட என் சித்திக்கு இதைச் சொல்லத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

இனி கடையில் உள்ள உரிமைகள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, இரண்டுமே சம்பளத்தோடு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். 2021-இல் இதே சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை போட வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை கடைகளில் நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் எத்தனை சூப்பர்வைசர்கள் முறைக்கிறார்கள் என்று அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது பாருங்கள். புகார் சொல்ல வேண்டிய இடம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் நடந்தால், அந்தப் பணம் இந்தச் சிகிச்சைக்கும் சேர்த்துத்தான். சந்தா நிபந்தனைகள் பூர்த்தியானால், இஎஸ்ஐ மருத்துவரின் சான்றோடு ஆண்டில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அதைப் பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ராஜினாமா செய்துவிட்டால் இந்த விடுப்பையும் நோட்டீஸையும் பாதுகாப்பையும் நீங்களாகவே கைவிட்டதாக ஆகிவிடும். “இங்கே கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல ரெஸ்ட் எடும்மா” என்று அன்பாகச் சொல்லி நீட்டும் காகிதத்தையும் படிக்காமல் போடாதீர்கள்.

என் சித்தி மகள் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும், பத்து வாரம் ஆலோசனையும், சீசன் முடிந்தபின் ஆறு நாள் நோய் விடுப்பும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். படபடப்பு நடுவில் இரண்டு முறை வந்தது. உட்கார்ந்து, எண்ணி, எழுந்துவிட்டாள். அவளும் ஏழு பெண்களும் கையெழுத்திட்டுக் கேட்டதில் மூன்றாவது மாடிக்கு நான்கு ஸ்டூல் வந்திருக்கிறது. தரைத்தளத்தில் இன்னும் போடவில்லை.