அப்போஸ்டில் முத்திரையும் கல்லூரி அலமாரியில் பூட்டப்பட்ட அசல் சான்றிதழும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவருக்கும் வளைகுடாவில் செவிலியர் பணி உறுதியானவருக்கும் வரும் கடிதத்தில் ஒரு நிபந்தனை தவறாமல் இடம்பெறும்: பட்டச் சான்றிதழை அப்போஸ்டில் பெற்று அனுப்புக, அல்லது தூதரகச் சான்றொப்பம் பெற்று வருக. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர்களுக்கு இச்சொற்களின் பொருளைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. 'அட்டெஸ்டேஷன் செய்து தரப்படும்' என்று பலகை மாட்டியிருக்கும் தரகரே அவர்களுக்கு ஆசிரியராகிறார். அவர் கேட்கும் தொகையே அரசுக் கட்டணம் என்றும் நம்பிவிடுகிறார்கள்.

இதன் அடிப்படை மிக எளியது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இட்ட கையெழுத்து உண்மையானதா என்பதை வெளிநாட்டு அதிகாரி அறிய வழியில்லை. ஆகவே அக்கையெழுத்தை மாநில அரசு உறுதிப்படுத்துகிறது. மாநில அரசின் கையெழுத்தை ஒன்றிய வெளியுறவு அமைச்சகம் உறுதிப்படுத்துகிறது. அமைச்சகத்தின் கையெழுத்தைச் செல்லவிருக்கும் நாட்டின் தூதரகம் உறுதிப்படுத்துகிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை நீக்குவதற்காக உருவானதுதான் 1961 அக்டோபர் 5 நாளிட்ட ஹேக் உடன்படிக்கை. அதில் இணைந்த நாடுகளுக்கிடையே தூதரக ஒப்பம் தேவையில்லை. 'அப்போஸ்டில்' எனும் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய, பத்து விவரங்கள் அடங்கிய ஒரே சான்று போதும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போஸ்டில், ஆவணத்தின் உள்ளடக்கத்திற்குச் சான்று அன்று. கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பதவி, முத்திரை ஆகிய மூன்றையே அது உறுதி செய்கிறது. பெயரில் பிழை இருந்தால் பிழையோடுதான் முத்திரை விழும்.

செல்லும் நாடு எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓமன், பஹ்ரைன் ஆகியவை முன்பே உடன்படிக்கையில் இணைந்தவை. சிங்கப்பூரில் 2021இலும், சவூதி அரேபியாவில் 2022இலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் எனும் பழைய வழியே வழக்கில் உள்ளது. அமீரகத்தில் இறங்கிய பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பமும் வேண்டும். ஜெர்மனி உடன்படிக்கையில் இருக்கும் நாடுதான்; ஆனால் இந்தியா இணைந்தபோது அது எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே அங்கே செல்வோர் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகத்திடம் நடைமுறையைக் கேட்டறிந்த பிறகே பணம் செலவிட வேண்டும்.

நடைமுறை இதுதான். கல்விச் சான்றுகளை மாநிலக் கல்வித் துறையும், பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகளை மாநில உள்துறை அல்லது பொது நிர்வாகத் துறையும் முதலில் சரிபார்க்கும். பின்னர் அவை வெளியுறவு அமைச்சகத்திற்குச் செல்லும். அமைச்சகம் 2012 முதல் தனிநபர்களிடம் நேரடியாக ஆவணம் பெறுவதில்லை. அது அங்கீகரித்த முகமைகள் வழியாகவே பெறுகிறது. 2019 முதல் இப்பணி சென்னையிலும் நடக்கிறது. அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்திற்கு 50 ரூபாய். சாதாரணச் சான்றொப்பத்திற்கு அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை. முகமையின் சேவைக் கட்டணம் தனி. அங்கீகரிக்கப்பட்ட முகமைகளின் பட்டியல் அமைச்சக இணையதளத்தில் இருக்கிறது. பலகை மாட்டியவர் அப்பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கேட்கப்படாத ஆவணத்திற்கெல்லாம் முத்திரை வாங்க வேண்டியதில்லை. சான்றிதழைப் பத்திரப்படுத்தும் ஆசையில் லேமினேட் செய்துவிடாதீர்கள்: முத்திரை விழுவது தாளின் மீது, பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவையெல்லாம் அசல் சான்றிதழ் கையில் இருந்தால்தான். நம் மாணவர்கள் பலருக்குச் சங்கிலி அறுவது தலைமைச் செயலகத்திலோ தில்லியிலோ அன்று, படித்த கல்லூரியிலேயே. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தாமதமாகிறது. அரசு தர வேண்டிய தொகையை மாணவரின் கடனாக எழுதிவைக்கும் கல்லூரி, சான்றிதழைத் தர மறுக்கிறது. என்னிடம் வந்த பொறியியல் பட்டதாரி ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தந்திருந்த கெடுவில் 19 நாள்களே மீதமிருந்தன. கல்லூரி கேட்ட 'பாக்கி' முழுவதும் உதவித்தொகைக் கணக்கில் அரசிடமிருந்து வர வேண்டிய தொகை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை, அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம் வசம் வைத்திருப்பதைத் தடை செய்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு பொதுவான பிணையுரிமையை வங்கியர் போன்ற சில வகையினருக்கு மட்டுமே தருகிறது. அப்பட்டியலில் கல்லூரி இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டம் அன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. எனவே முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று, படியை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். பல இடங்களில் இக்கடிதமே வேலையை முடித்துவிடும். முடியாவிட்டால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகார்தான் முதலில் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது தனி வழக்கு; ஆனால் கெடு நெருங்கும்போது சான்றிதழை விரைவில் மீட்டுத் தருவது ரிட் மனுவே என்பது என் கருத்து. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

அடுத்த சிக்கல் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் 'மு. செல்வி', கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து 'செல்வி முனுசாமி', பிறப்புப் பதிவேட்டில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை'. வீட்டிலேயே பிரசவம் நடந்த குடியிருப்புகளில் பிறந்தோர் பலருக்குப் பதிவே கிடையாது. பெயர் விடுபட்டிருந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 14ஆம் பிரிவின்கீழ்ச் சேர்க்கலாம். பதிவே இல்லையெனில் 13(3)ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இவை வாரக்கணக்கில் இழுக்கும். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்திற்கோ ஒன்றிய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க எண்ணுவோர், இளங்கலை இறுதியாண்டிலேயே எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாணவர்களைவிடக் கடுமையாக இச்சங்கிலியில் சிக்குவோர், வளைகுடாவில் இறந்த தொழிலாளர்களின் குடும்பத்தினர். நிலுவைச் சம்பளமும் இழப்பீடும் பெற வாரிசுச் சான்றும் அதிகார ஆவணமும் சான்றொப்பத்துடன் அங்கே போய்ச் சேர வேண்டும். திருமணம் பதிவாகாத பெண், தாசில்தார் அலுவலகத்தில் தான் மனைவி என்று மெய்ப்பிக்கவே மாதங்கள் செலவாகின்றன. அவசரத்தில் தரகர் நீட்டும் அச்சடித்த அதிகார ஆவணத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். அதில் 'அனைத்துச் சொத்துக்களையும் விற்க' என்ற வாசகம் இருந்ததை இருமுறை நானே பார்த்திருக்கிறேன். ஆவணம் யாருக்கு, எந்த நிறுவனத்திடமிருந்து, எந்தத் தொகையைப் பெற அதிகாரம் தருகிறது என்பது மட்டுமே அதில் இருக்க வேண்டும். நிலம், வீடு பற்றிய வரி ஏதேனும் இருந்தால் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதச் சொல்லுங்கள்.