ஏலகிரிப் பாதையில் ஒரு பாடம்

கோடை என்றால் என்ன என்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தோல் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களும், கடைக்காரர்களும், ஆசிரியர்களும் விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு நாடிச் செல்லும் இடம் ஒன்று அருகிலேயே இருக்கிறது. அதுதான் ஏலகிரி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இம்மலை திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

சென்ற விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, என் தங்கையின் மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. பெயர்களைப் படித்துக்கொண்டே ஏறும்போது காது அடைத்தது. எச்சிலை விழுங்கியதும் திறந்துகொண்டது. வெளியே காற்றழுத்தம் குறைகிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

உச்சியில் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் கேட்டாள்: "மாமா, மேலே ஏற ஏறச் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்? சூடு அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. சூரியன் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஏலகிரியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,050 மீட்டர். பதினைந்து கோடியில் ஒரு கிலோமீட்டர் நெருங்கினால் என்ன வேறுபாடு வரும்? ஒன்றும் வராது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

சூரிய ஒளி பெரும்பாலும் காற்றைச் சூடாக்காமல் அதனூடே வந்துவிடுகிறது. அது தரையைச் சூடாக்குகிறது. தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவாதலால் அது விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது, ஆகவே குளிர்கிறது. காற்றடித்த சைக்கிள் டயரின் வால்வைத் திறந்து, வெளிவரும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருக்கும். மலைமேல் நடப்பதும் அதுவே.

இவ்வாறு ஏறும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. ஈரமும் பிறவும் கலந்த வளிமண்டலத்தில் சராசரி 6.5 டிகிரி. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 650 மீட்டர். ஆகவே நான்கு முதல் ஆறு டிகிரி வரை குறைகிறது.

"மலையும் தரைதானே? அதையும் வெயில் சுடுகிறதே?" என்றாள். உண்மைதான், பாறையைத் தொட்டால் சுடும். ஆனால் பாறை சூடாக்கிய காற்று அங்கேயே தங்குவதில்லை. அந்த உயரத்தில் உலவும் குளிர்ந்த காற்று வீசி அதை அப்புறப்படுத்திவிடுகிறது.

மாலையில் இறங்கினோம். ஓட்டுநர் இரண்டாவது கியரிலேயே வண்டியைச் செலுத்தினார். என்ஜின் உறுமியது. பையனுக்குப் பொறுக்கவில்லை. "இறக்கம்தானே மாமா! நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமே?" என்றான். ஓட்டுநர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த எண்ணம் உயிரைக் குடிக்கக்கூடியது.

கணக்குப் போடுவோம். 10 டன் எடையுள்ள பேருந்து 650 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல்:

10,000 × 9.8 × 650 = 6.37 கோடி ஜூல்.

30 டிகிரியில் உள்ள தண்ணீர் இருநூறு லிட்டருக்கும் மேல் எடுத்து, கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இத்தனை ஆற்றலும் எங்காவது போய்ச் சேர வேண்டும். கியரில் இருந்தால், என்ஜினின் உராய்வும், உருளைகளில் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் ஒரு பெரும் பங்கை ஏற்றுக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டாலோ, முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் பட்டைகள் அளவுக்கு மீறிச் சூடேறினால் உராய்வு குறைந்து, பிடிப்பு தளர்கிறது. கார்களில் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகலாம். பிறகு மிதியை மிதித்தாலும் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது.

டீசலும் மிச்சமாவதில்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் தானே ஓட எரிபொருள் குடிக்கும்.

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா ஸ்கூட்டரை இறக்கத்தில் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவார். இன்றைக்கே சொல்ல வேண்டும்" என்றான். அன்றைய பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரும் பயன் அதுதான்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை: மலையுச்சியில் காலியான பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி, அடிவாரத்துக்குக் கொண்டு வாருங்கள். யாரும் தொடாமலே அது சற்று நசுங்கியிருக்கும். அதை நசுக்கியது யார்? விடையை நீங்களே எழுதிப் பாருங்கள்.