சர்வருக்கு நினைவகம் கூட்டுதல்: எப்போது பயன், எப்போது வீண்?

சிட்டா நகல் பெறவும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யவும் இ-சேவை மையத்துக்குச் செல்லும் விவசாயி, "சர்வர் கிடைக்கவில்லை, நாளை வாருங்கள்" என்ற விடையைக் கேட்டுத் திரும்புவது உண்டு. அவருக்கு ஒரு நாள் வேலை கெடுகிறது. கடைசித் தேதி நெருங்கியிருந்தால் காப்பீடே கைநழுவிப் போகலாம். "சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமாமே?" என்று திருநாவலூர் வட்டாரத்து ஊராட்சி மன்ற அங்கத்தினர்கள் சிலர் நம்மைக் கேட்கின்றனர். சரியாவதும் உண்டு; பொதுப் பணம் வீணாவதும் உண்டு. எது எப்போது என்பதை இங்கு விளக்குவோம்.

சர்வர் என்பது யாது?

பலருடைய கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை தரும் கணினியே சர்வர். அரசுச் சேவைகள் பலவற்றுக்கான சர்வர்கள் சென்னை பெருங்குடியில், எல்காட் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள மாநிலத் தரவு மையத்தில் இயங்குகின்றன. ஆயினும் இவ்வியந்திரம் சென்னைக்கே உரியதன்று. 2019-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களிலும், ஒரு சர்வரும் அதனைச் சார்ந்த சிறு கணினிகளும் வைக்கப்பட்டன. ஆகவே இவ்விஷயம் நம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பையும் தொட்டது.

களமும் களஞ்சியமும்

சர்வரிலுள்ள தட்டு களஞ்சியம் போன்றது. நினைவகம் களம் போன்றது. களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருப்பினும், உலர்த்த வேண்டுமாயின் களத்தில் பரப்பியாக வேண்டும். அவ்வாறே, தட்டிலுள்ள விவரத்தை நினைவகத்துக்குக் கொணர்ந்த பின்னரே கணினி வேலை செய்யும். மின்சாரம் நின்றால் களம் வெறுமையாகிவிடும். களஞ்சியத்தில் உள்ளது அப்படியே இருக்கும்.

களம் நிறைந்த பின்னும் நெல் வந்தால், பரப்பியதை வாரி உள்ளே வைத்துவிட்டே புதியதைப் பரப்ப இயலும். ஆட்களின் பொழுது முழுதும் சுமப்பதிலேயே கழியும். நினைவகம் நிறைந்த சர்வரின் கதியும் இதுவே. நினைவகத்திலிருந்து ஒரு விவரத்தை எடுக்க ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் தட்டிலிருந்து எடுக்கவோ நூறில் ஒரு பங்கு வரை ஆகும். அதாவது லட்சம் மடங்கு தாமதம்.

நாடறிந்த சான்று

ரயில் சீட்டுகளை இணையத்தில் பதியும் முறை 2014-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200-ஆக உயர்ந்தது. அடிக்கடி கேட்கப்படும் விவரங்களைச் சர்வர்களின் நினைவகத்திலேயே வைத்து விடையளித்தது அதன் முக்கிய அம்சங்களுள் ஒன்று. எனினும் நினைவகத்தோடு மென்பொருளும் மாற்றப்பட்டது என்பதை மறத்தலாகாது.

முதலில் நோயறிதல்

கிணற்றில் நீரில்லாதபோது பெரிய மோட்டார் வாங்கிப் பயனில்லை. இணையக் கம்பி அறுந்திருந்தால், மின்சாரம் நிலையாக இல்லையென்றால், மென்பொருள் பழுதாயிருந்தால், நினைவகம் கூட்டுவது வீண் செலவே. கூட்டம் மிகுந்த வேளையில் நினைவகம் நிறைந்து, தட்டு ஓய்வின்றி ஓடுகிறதா என்பதைச் சர்வரின் கணக்குத் திரையிலேயே காணலாம். ஒரு வார காலம் இதைக் குறித்து வைத்த பின்னரே கொள்முதல் பற்றி யோசிக்க வேண்டும்.

கூட்டும் முறை

சர்வருக்குரிய நினைவகப் பலகைகள் பெரும்பாலும் பிழைதிருத்தும் வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு 64 துணுக்குத் தகவலுக்கும் 8 துணுக்குகள் கூடுதலாக வைத்து, ஒரு துணுக்கில் நேரும் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும். பட்டா எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் வழக்கு வருமல்லவா? ஆதலால் வீட்டுக் கணினிப் பலகையை மலிவென்று வாங்குதல் தகாது. டி.டி.ஆர். 4 பலகை டி.டி.ஆர். 5 பள்ளத்தில் பொருந்தாது. யந்திரத்தின் கையேட்டைப் பார்த்தே வாங்குக.

வேலை தொடங்குமுன் விவரங்களுக்கு மறுபிரதி எடுத்து, சர்வரை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உடலில் தேங்கும் மின்னூட்டம் பலகையைக் கெடுக்குமாதலால், மணிக்கட்டில் நிலத்தொடர்புப் பட்டை அணிதல் அவசியம். பொருத்திய பின் முழு அளவும் திரையில் தெரிகிறதா என்று நோக்கி, சோதனை நடத்தி, இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

நம் கடமை

பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள அங்கத்தினர்கள், ஆய்வகம் தாமதமாக இயங்கினால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவார்களாக. இ-சேவை மையத்தில் தடை நேர்ந்தால், நாள், நேரம், திரையில் தோன்றிய வாசகம் ஆகியவற்றைக் குறித்து மனுவில் சேர்த்தால், பழுதைக் கண்டறிய அது பெரிதும் உதவும். விவசாயிகளும் கடைசி நாளுக்குக் காத்திராமல் முன்னரே பதிவு செய்வது நலம். அனைவரும் ஒரே நாளில் நெல்லைக் கொணர்ந்தால் எவ்வளவு பெரிய களமும் போதாது.