உங்களுக்குத் தெரியுமா? வளைவு காட்டிக்கொடுக்கும் ரயில் பாதை

பிரிட்டனின் ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919 முதல் விமானத்திலிருந்து எடுத்துக் குவித்த படங்களில் சில, எந்த ஊர் என்றே தெரியாமல் கிடந்தன. 2012-இல் அவை இணையத்துக்கு வந்தபோது, இடத்தைக் கண்டுபிடிக்கப் பொதுமக்களின் உதவி கேட்கப்பட்டது. ரயில் பாதை தெரியும் படம் என்றால் ரயில் பிரியர்களுக்குக் கொண்டாட்டம்தான்!

ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் பாதையின் வளைவு நீண்டு, சீராக இருக்கும். பல ரயில் பாதைகளை மூடப் பரிந்துரைத்த 1963-இன் பீச்சிங் அறிக்கைக்குப் பின் தண்டவாளம் பிடுங்கப்பட்ட பல இடங்களில், வயல் ஓரத்திலும் மரவரிசையிலும் அந்த வளைவு இன்றும் தெரிகிறது. படத்தில் உள்ள வளைவை அதனுடனும் பழைய வரைபடத்துடனும் ஒப்பிடலாம். என்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிளை மட்டும் நம்பக்கூடாது. அது பல ஊர்களில் இருந்தது. திசை பிடிபடவில்லையா? நிழலைப் பாருங்கள்: பிரிட்டனில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான் விழும்.